சகல உரிமையும் பெற்றவர்

இந்தியாவில் சட்டப்படி அதிக உரிமை பெற்ற நோயாளி யார் தெரியுமா? சர்க்கரை நோயாளி இல்லை, இதய நோயாளியும் இல்லை. மனநோயாளிதான். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், வயிறு எரியும். சிகிச்சை அவர் உரிமை. சொந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். கட்டாய மொட்டை கூடாது. வேலை வாங்கினால் கூலி தர வேண்டும். மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்ச்சி கூடாது. சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. நோய் முற்றினால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். போதாததற்கு இலவசச் சட்ட உதவி வேறு. காய்ச்சலுக்கு டோக்கன் வாங்கிக் காத்துக் கிடக்கும் நமக்கு இதில் எது வாய்த்திருக்கிறது?

ஒரே ஒரு குறை. இவ்வளவும் இருக்கிற விஷயத்தை அவரிடம் யாரும் சொல்வதில்லை. தானே தெரிந்துகொண்டு கேட்டாலோ, "ரெண்டு நாளா ரொம்பப் பேசுறான் டாக்டர், டோஸை ஏத்திடுங்க."

ஏர்வாடியை நினைவிருக்கிறதா? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். தீயைக் கண்டால் ஓட வேண்டும் என்கிற புத்தி அவர்களுக்கு நன்றாகவே இருந்தது. காலில்தான் இரும்பு இருந்தது. நாடே பதறியது, காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சட்டம் வந்தது. பிறகும் 2019இல் அதே உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்துப் பதாயூனில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருப்பதைப் பார்த்து, இது சட்டவிரோதம் என்று இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆக, பதினெட்டு வருடத்தில் சங்கிலி ஏர்வாடியிலிருந்து பதாயூனுக்கு மாறியிருக்கிறது. இதற்குப் பெயர் முன்னேற்றம்.

சட்டத்தை மீறினால் தண்டனை இல்லையா என்பீர்கள். இருக்கிறதே! முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும் முதல் தடவைக்கு ஏறத்தாழ இதே கணக்குதான். ஆனால் குடித்தவனைப் பிடிக்க சனிக்கிழமை ராத்திரி மேம்பாலத்துக்கு மேம்பாலம் கருவியோடு நின்று "ஊதுங்க சார்" என்கிறார்கள். மனிதனைக் கட்டிப்போட்டவனைப் பிடிக்க எந்த மேம்பாலத்தில் யார் நிற்கிறார்?

காப்பீட்டு நிறுவனங்களின் நேர்மை இன்னும் உயர்ந்தது. உடல் நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும் என்கிறது சட்டம். ஒழுங்குமுறை ஆணையம் 2018இலேயே சொன்னது. 2022இல், அக்டோபர் 31க்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று மறுபடி சொன்னது. பிரீமியம் கட்ட ஒரு நாள் தாமதமானால் மூன்று குறுஞ்செய்தி அனுப்பும் கூட்டத்துக்கு, நாலு வருடம் ஒரு சுற்றறிக்கையைப் படித்து முடிக்கப் போதவில்லை.

இவர்களாவது லாபத்துக்குச் செய்கிறார்கள். சேவைக்குச் செய்கிறவர்களைப் பாருங்கள். பேருந்து நிலையத்து ஓரம், சடை பிடித்த தலையோடு ஒருவர். டீ ஷர்ட்டில் அறக்கட்டளை பெயரோடு நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். "ஒண்ணும் இல்லண்ணா, ஒண்ணும் இல்ல" என்றபடி இருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மெஷினை ஓட விடுகிறார். பிடிபட்டவர் திமிறுகிறார். அதையும் கேமரா எடுக்கிறது. திமிறினால்தான் பார்வை ஏறும். மொட்டை, குளியல், புது லுங்கி, சோக இசை, பிறகு உற்சாக இசை. முன்னும் பின்னுமாக இரண்டு முகத்தையும் ஒட்டி முகப்புப் படம். கீழே ஜிபே எண். அவருக்குப் பெயர் என்ன, ஊர் எது, என்ன மாத்திரை வேண்டும் என்பதெல்லாம் அடுத்த வீடியோவில் வரும். பெல் பட்டனை அழுத்திக் காத்திருங்கள்.

குடும்பத்துக்கு வருவோம். அரசு நடத்தும் 46 மனநல நிலையங்களும் மனிதத்தன்மையற்ற நிலையில் இருப்பதாகவும், குணமானவர்களைக்கூடச் சட்டவிரோதமாக உள்ளேயே வைத்திருப்பதாகவும் 2023 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. நிர்வாகத்தைத் திட்டலாம், திட்ட வேண்டும். ஆனால் வெளியே விட்டால் குணமானவர் எங்கே போவார்? வீட்டுக்குக் கடிதம் போகிறது: குணமாகிவிட்டார், அழைத்துச் செல்லவும். தங்கச்சி கல்யாணம் முடியட்டும் சார். முடிகிறது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் சார், இந்த நேரத்தில் இவன் வீட்டில் இருந்தால்... அடுத்த கடிதம், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பிவருகிறது. பிறகு ஒரு நாள், பூர்வீக நிலத்துக்கு நல்ல விலை படிந்ததும், அதே அண்ணன் பழத்தோடும் பிஸ்கட் பாக்கெட்டோடும் தானாகவே வந்து நிற்கிறார். "தம்பி இப்ப நல்ல தெளிவா இருக்கானே டாக்டர்! பத்திர ஆபீஸ்ல ஒரு கையெழுத்துதான். சாயங்காலமே கொண்டுவந்து விட்டுடுறேன்."