பேராண்டி வாங்கப்போகும் கிடார்

வாடா பேராண்டி. ஃபிளமெங்கோ வாசிக்கப்போறியாமே! வலதுகைல மட்டும் நகம் வளத்திருக்கே, உங்காத்தா அதைப் பாத்துட்டு ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறா. குழாய் ஸ்பீக்கர் கட்டி, கூவுற மைக்கை அடக்கியே நரைச்சவன் நான். காசை விடுறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ.

ஸ்பெயின்ல ஆண்டலூசியாக்காரன் சைப்ரஸ் மரத்துல இழைச்ச கிடாருக்கு 'பிளாங்கா'ன்னு பேரு. எடை கம்மி. சத்தம் சுள்ளுன்னு வந்து சட்டுனு அடங்கிரும். ஆட்டக்காரி காலடிக்கு நடுவுல பூந்து வாசிக்க அதுதான் தோது. ரோஸ்வுட் போட்டா 'நெக்ரா'. அதுல நாதம், விருந்து முடிஞ்சும் திண்ணையை விட்டு எந்திரிக்காத சம்பந்தி மாதிரி உக்காந்திருக்கும். ஃபிளமெங்கோ மேதை பாக்கோ தே லூசியா ரெண்டையும் வாசிச்சாரு. நீ மொதல்ல ஒண்ணை வாசி.

வாசிக்கறப்பவே விரலால பலகையைத் தட்டணும், அதுக்குப் பேரு கோல்பே. தட்டுற எடத்துல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருக்கான்னு தடவிப் பாரு. இல்லாத கிடாரைக் கடையிலயே தட்டி வெச்சேன்னா, நீ வேண்டாம்னாலும் அவன் உன் தலையில கட்டிருவான்.

அடுத்து கரண்டு. எலெக்ட்ரிக் கிடார் பிக்கப்பை இதுல மாட்டலாம்னு உன் சேக்காளி சொன்னானாமே, மேதாவி! அது காந்தம், அதுக்கு இரும்பு வேணும். தடிச்ச மூணு கம்பியும் மினுமினுங்குதேன்னு ஏமாறாதே. உள்ளே நைலான் நூலு, வெளியே வெள்ளி முலாம் பூசின செம்பு. காந்தம் ரெண்டையும் சட்டை பண்ணாது. கம்பி உக்கார்ற எலும்புக்கட்டைக்கு அடியில பீசோ பட்டை வெக்கணும். அதையும் நேரா மிக்சர்ல சொருகினா வாத்து கத்துற சத்தம்தான். நடுவுல நல்ல ப்ரீஆம்ப் போடு. உன் கோல்பேயை அந்தப் பீசோ 'டம்'முனு பெருசாக்கிக் காட்டும், ஜாக்கிரதை.

மைக் வெச்சா மரத்தோட கொரலே கேக்கும். ஆனா ஓட்டைக்கு நேரா வெச்சிராதே, அங்க வெறும் பொம்முதான். கழுத்து ஒடம்போட சேர்ற எடத்தைப் பாத்து, ஒரு சாண் தள்ளி வை. கண்டென்சர் மைக்குன்னா 48 வோல்ட் ஃபேண்டம் பவர் போடச் சொல்லு, இல்லேன்னா ஊமை.

டிரம்ஸ், பேஸ் கூட நின்னு வாசிக்கிற ஆசையும் இருக்கா? அப்ப பிளாங்காவை வீட்லயே விட்டுட்டுப் போ. எடை கம்மியான பெட்டி, மேடை மானிட்டர் ஸ்பீக்கர் சத்தத்துக்கே அதிர்ந்து ஊளையிடும். 100 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் வழக்கமா ஆரம்பிக்கும். அதையேதான் கொண்டுபோவேன்னா, அந்த எடத்தை மட்டும் ஈக்வலைசர்ல வெட்டு, ஓட்டைக்கு ரப்பர் மூடி போடு. அப்பவும் அடங்கலேன்னா கோடின் மல்டியாக் மாதிரி, பெரும்பகுதி கெட்டியா, உள்ளே கொஞ்சமா கொடைஞ்ச கிடாரா பாரு. கரண்டு போனா ஈ பறக்கிற சத்தம்தான் வரும். உங்கப்பனுக்கு அதுவே பெரிய உபகாரம்.

சவுண்ட் செக்ல பூனை நடை போட்டுட்டு, கச்சேரியில அஞ்சு வெரலையும் விரிச்சு ரஸ்கேயாதோ அடிச்சேன்னா ஸ்பீக்கர் கிழியும். பலமா அடிக்கிறதை முன்னாடியே அடிச்சுக் காட்டு. மிக்சர்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. உந்தாத்தன் பேரை மட்டும் சொல்லிராதே, அவனுக்குப் பழைய பாக்கி ஒண்ணு நிக்குது.