கூரைக்கு வாய்த்த கார்: துணிக்கூரையியலில் ஒரு முன்னாய்வு

தகரக் கூரை போட்ட கார் வைத்திருப்பவர் தம் காரின் கூரையைப் பற்றி ஆண்டு முழுவதும் ஒரு தடவைகூட நினைப்பதில்லை. மழை பெய்தால் வைப்பரை ஓடவிடுவார். கூரைக்கு நன்றி சொல்லமாட்டார். கூரையே வேண்டாம் என்று கூடுதல் பணம் கொடுத்துத் திறந்த கார் வாங்கியவர் நிலை வேறு. மேகம் திரண்டால் அவருக்குக் கூரை நினைவு. வெயில் அடித்தாலும் கூரை நினைவு. மரத்தடியில் நிழல் கிடைத்தால், கிளையில் எந்தப் பறவை உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவார். துறவாதவனுக்கு இருக்கும் நிம்மதி துறந்தவனுக்கு இல்லாத இந்த விந்தையை மோட்டார் வாகன நூல்கள் ‘பராமரிப்பு’ என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கிவிட்டன. அது பிழை. துணிக்கூரையை மடக்கித் திறக்கும் கன்வர்டிபிள் என்பது கூரையைக் கைவிட்ட கார் அன்று. கூரையே முதற்பொருளாக, அதைச் சுமந்து உலா வருவதற்கென்று எஞ்சினும் நான்கு சக்கரமும் பூட்டப்பட்ட வாகனம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்றுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கை வண்டியில் பத்து லட்சமாவது 2016 ஏப்ரலில் ஹிரோஷிமாவில் கட்டி முடிக்கப்பட்டது. ஆகவே மாதிரியின் அளவு போதாது என்று எவரும் ஆட்சேபிக்க முடியாது. களம் பிரிட்டன். எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி என்று திறந்த கார்களைக் கட்டி உலகுக்கு அனுப்பிய நாடு அது. எம்எக்ஸ்-5ஐ உருவாக்கியபோது மாஸ்டாவின் கண்முன் இருந்த மாதிரிகளும் இத்தகைய கார்கள்தாம். லண்டனில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 600 மி.மீ. மழை, சென்னையின் மழையில் அது பாதிகூட இல்லை. ஆனால் சென்னை மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து மொத்தக் கணக்கையும் தீர்த்துவிட்டுப் போகும். லண்டன் மழை மாதத் தவணை. நனைந்த துணி காய்வதற்குள் அடுத்த தவணை வந்து நிற்கும். துணிக்கூரைக்குப் பெருமழையைவிட இதுதான் சோதனை.

முதலில் துணியின் குலவரலாறு. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823-இல் காப்புரிமை பெற்றார். மழைக்கோட்டு பிறந்தது. அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வித்தை தெரிந்த பிறகே மனிதர் உடுத்தத் தக்கதாயிற்று. இன்றைய உயர்தரக் கூரைத்துணியும் அதே அடுக்குமுறைதான்: மேலே அக்ரிலிக் நெசவு, அடியில் பருத்தியோ பாலியெஸ்டரோ கலந்த துணி, நடுவே பியூட்டைல் ரப்பர். 1937-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, டயர் டியூபிலிருந்து காற்றை வெளியே விடாமல் காத்த ரப்பர் இது. சாதாரணக் காரின் கூரையோ அச்சில் வைத்து அழுத்திய ஓர் இரும்புத் தகடு. இரண்டு கூரைகளில் எதன்பேரில் அதிக வேதியியல் செலவாகியிருக்கிறது என்று பார்த்தாலே நம் துணிபுக்கு முதல் சான்று கிடைத்துவிடும்.

இரண்டாம் சான்று ஆசாரங்கள். சுழலும் பிரஷ் உள்ள தானியங்கிக் கழுவகத்துக்குத் துணிக்கூரை போகக் கூடாது, நூல் சிதையும். பீய்ச்சுக்குழாயைக் கிட்டத்தில் பிடிக்கக் கூடாது, தையல் விடும். மெத்தென்ற பிரஷால், நெசவின் போக்கிலேயே, வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவ வேண்டும். துணிக்குப் போடும் சலவைத்தூள் ஆகாது, நீரை விலக்கும் பூச்சையும் சேர்த்துக் கழற்றிவிடும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஊறவைத்து எடுக்க வேண்டும். வெயில் படாத மூலையில் மாதக்கணக்கில் நின்றால் தையலோரம் பச்சையாய்ப் பாசி பிடிக்கும்; அதற்குத் தனி வைத்தியம். எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு, மங்கிய நீர்விலக்குப் பூச்சைப் புதிதாய்ப் பூச வேண்டும். மடக்குவதற்கு வேறு விதிகள். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை. நெடுநாள் மடக்கியே வைத்தால் மடிப்புக் கோடுகள் நிலைத்துவிடும், துணி சுருங்கும். 1998-இல் கண்ணாடிச் சாளரம் வருவதற்கு முந்தைய எம்எக்ஸ்-5களில் பின்சாளரம் பிளாஸ்டிக். மடக்குமுன் ஜிப்பைக் கழற்றி அதைத் தட்டையாய்ப் படுக்கவைக்க வேண்டும், கடுங்குளிரில் தொடவே கூடாது, தொட்டால் வெடிக்கும். ஈரநாள், குளிர்நாள் இரண்டையும் பிரிட்டிஷ் ஆண்டிலிருந்து கழித்தால் எஞ்சுவது எவ்வளவு என்பதை அந்நாட்டு நாட்காட்டி அறிந்தவர் ஊகித்துக்கொள்க. இத்தனை மடி ஆசாரத்தை எஞ்சினுக்கு எவரும் பார்ப்பதில்லை. அதற்கு எண்ணெய் மாற்றினால் போதும்.

மூன்றாம் சான்று சற்றுக் கொடியது. எம்எக்ஸ்-5இன் கூரை நீர் பின்விளிம்பில் உள்ள ஒரு பிளாஸ்டிக் வடிகாலில் இறங்கி, இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள துளைகள் வழியாகக் குழாயில் போய், பின்சக்கரத்துக்கு முன்னே தரையில் விழுகிறது. இலைச்சருகும் தூசியும் அடைத்தால் நீர் வழிமாறும். கம்பளம் ஊறும், கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டத்தில் துரு ஏறும். பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கேட்பதற்கு முன் பின்சக்கரத்தை ஒட்டிய அந்தச் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பது இதனால்தான். சாலையில் தூவும் உப்புக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மேலே இருக்கும் துணியை அலட்சியம் செய்தவரின் வண்டி கீழே இருக்கும் இரும்பிலிருந்து அழிகிறது என்பது, உடலுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்ற பழைய வழக்கில் கவனிக்கத்தக்க சாட்சியம்.

இதற்குத் தடை எழுப்புவார் உளர். ‘துணி தானே தொல்லை? தகரக் கூரையையே மடக்கினால் என்ன?’ என்பர். 1957-இல் ஃபோர்டு நிறுவனம் ஸ்கைலைனர் காரில் அதைச் செய்து பார்த்தது. கூரையைப் பின்பெட்டிக்குள் விழுங்க 7 மோட்டார், 10 ரிலே, 600 அடிக்கு மேல் மின்கம்பி தேவைப்பட்டன. மூன்றே ஆண்டில் கைவிட்டது. மாஸ்டாவும் பின்னாளில் மடங்கும் வன்கூரை கொடுத்தது, 30 கிலோவுக்கு மேல் எடை கூடியது. கூரைக்காக மோட்டார் வைத்தவர் கூரையிலிருந்து விடுபட்டார் என்பது எப்படி? தடை நம் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. இன்னொரு சாரார், ‘ஆசாரம் எல்லாம் திறந்து ஓட்டும் இன்பத்துக்காகத்தானே, இன்பமே முதற்பொருள்’ என்பர். அற்றன்று. 1976-இல் காடிலாக் நிறுவனம் எல்டோரடோவை அமெரிக்காவின் கடைசிக் கன்வர்டிபிள் என்று விளம்பரம் செய்தபோது, பலர் அதை வாங்கி ஓட்டாமல் மூடிப் பூட்டி வைத்தனர், பிற்காலத்தில் விலை ஏறும் என்று. 1980-களில் அந்நிறுவனமே மறுபடி கன்வர்டிபிள் விற்றபோது வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. காற்று முகத்தில் அடிக்கும் இன்பம் அந்தப் பூட்டிய கொட்டகையில் எங்கே இருந்தது? பிரிட்டனில் இன்னும் தெளிவான வழக்கம் ஒன்று உண்டு. துணிக்கூரை கார் வைத்திருப்போரில் பலர், உள்ளே விலையுள்ள பொருள் எதையும் வைக்காமல், கதவைப் பூட்டாமலே இறங்கிப் போகிறார்கள். திருடன் வந்தால் கத்தியால் கூரையைக் கிழிக்காமல் மரியாதையாகக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது எண்ணம். காரைக் காக்கக் கூரை என்பது போய், கூரையைக் காக்கக் காரையே திறந்து வைக்கும் நிலை இது. இதற்குமேல் எதிர்க்கட்சி என்ன பேசுமோ, தெரியவில்லை.

இனி, மாற்றும் படலம். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் தையல் விடும், சாளரம் பழுக்கும், முன்விளிம்பு நைந்துபோகும். பழைய வண்டியாக இருந்தால் நல்ல கூரைக்கும் கூலிக்கும் ஆகும் செலவு காரின் சந்தை மதிப்பில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். செலவு செய்பவர் அதைக் காருக்குச் செய்வதாகத்தான் சொல்லிக்கொள்வார். இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை உரித்து, பின்விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பட்டைகளின் நட்டுகளைக் கழற்றி, சட்டகத்தோடு கூரையை எடுத்து, ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, பக்கவாட்டில் துணியை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை உருவ வேண்டும். வடிகாலையும் அப்போதே மாற்றுவது அறிவு. பழைய பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையது. அதை மிச்சம் பிடித்தவர் இதே வேலையை மறுபடி செய்வார். புதுத்துணியை முன்சட்டத்தில் ஒட்டும்போது சற்றே அதிகம் இழுத்துவிட்டால் கொக்கி எட்டாது, தளரவிட்டால் கூரை தொளதொளக்கும். குளிரில் துணி விறைப்பாக இருக்கும் என்பதால், வெயிலில் விரித்து இளக்கிவிட்டுப் போர்த்துவதே முறை. ஆகவே பிரிட்டனில் இவ்வேலைக்கு உரிய பருவம் கோடை. போர்த்தி முடித்ததும் கூரை முரசுத்தோல்போல் இறுகி நிற்கும், கொக்கியை இருகை போட்டு இழுத்துத்தான் மாட்ட வேண்டும். துணி நீண்டு சட்டகத்தில் பழகி, மடிப்புச் சுருக்கங்கள் நீங்கும்வரை, நாட்கணக்கில், சில தையற்காரர் சொல்படி வாரக்கணக்கில், அதைத் திறக்கக் கூடாது. அந்த ஜூன், ஜூலை வெயிலில் அவர் கூரையை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போய்வருவார்.