மிளகு முடிவியல்: ஏழு நூற்பாக்களும் உரையும்

பாயிரம்

இந்நூலின் எல்லை, கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோடும் ஜூ டவுனும். நுதலிய பொருள், நாளைய விலை தெரியாத நிலையில் இன்று எடுக்க வேண்டிய முடிவு. கேட்போர், மிளகு விளைவிப்பவர், வாங்குபவர், அவர்களுக்குக் கடன் கொடுப்பவர். வேறு தொழிலில் இதே நிலையில் நிற்பவரும் கேட்கலாம். பயன், தாங்கக்கூடிய தவறுகளை மட்டும் செய்யப் பழகுதல்.

இப்பொருளைப் பேச மட்டாஞ்சேரியைவிடத் தகுந்த இடம் தென்னாட்டில் அரிது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கடல்முகத்தை மாற்றியதால் கொச்சி துறைமுகமாயிற்று என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னர் போர்ச்சுக்கீசியரையும் டச்சுக்காரரையும் இங்கே இழுத்து வந்தது மிளகுதான். 1952இல் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இங்கே அமைந்தது. வணிகர் வாயில் அது ‘இப்ஸ்டா’. அச்சங்கம் 1957இல் மிளகுக்கு முன்பேர வர்த்தகம் தொடங்கியது. சில மாதம் கழித்துக் கைமாறப் போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முறை அது. தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று உரக்கக் கூவி விலை பேசினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குரல்கள் கணினித் திரைக்கு மாறின. அந்தக் கூடத்தின் அனுபவத்திலிருந்து வடித்தெடுக்கக்கூடிய விதிகள் ஏழு.

நூற்பா 1: எண்ணத் தக்கதையும் எண்ண இயலாததையும் முதலில் பிரித்தறிக.

உரை: நிகழ்தகவு தெரிந்த ஆபத்து வேறு, நிகழ்தகவே தெரியாத நிச்சயமின்மை வேறு என்று பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். மிளகில் இரண்டும் உண்டு. 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய 33 கிலோ தேறும். ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்த்தால் தரம் தெரியும். இவை எண்ணத் தக்கவை. பெருமழைக் காலத்தில் கொடியைத் தாக்கும் துரித வாடல் நோயைப் பழைய ஆண்டுகளை வைத்து ஓரளவு மதிப்பிடலாம்.

2012 இறுதியில் நடந்தது வேறு வகை. என்சிடிஇஎக்ஸ் என்ற தேசியப் பண்ட முன்பேரச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகப் புகார் எழுந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆயிரக்கணக்கான டன் சரக்கை முத்திரையிட்டு முடக்கினார்கள். அந்தச் சந்தையில் மிளகு முன்பேரமும் நின்றுபோனது. விலை ஏறுமா இறங்குமா என்று நுட்பமாகக் கணக்கிட்டவர்கள்கூட, தங்கள் சரக்கைத் தொடவே முடியாமல் போகும் என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை. எண்ணத் தக்கதற்குக் கணக்குப் போட வேண்டும். எண்ண இயலாததற்குக் கையில் இருப்பு வைக்க வேண்டும். அங்கே கணக்கை நுணுக்குவதால் பாதுகாப்பு அதிகரிக்காது.

நூற்பா 2: ‘எப்போது’ என்பதற்கு முன் ‘எவ்வளவு’ என்பதைக் கேட்க.

உரை: திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற நான்கு அதிகாரங்களும் இந்த வரிசையிலேயே நிற்கின்றன. வலியை அறிந்த பிறகே காலம் வருகிறது. சந்தையில் எல்லோரும் காலத்தைத்தான் கேட்கிறார்கள்: இப்போது விற்கலாமா, ஓணம் வரை பொறுக்கலாமா? இதற்கு விடை தெரிந்தவர் இல்லை. எவ்வளவு இழந்தால் குடும்பம் நிற்கும் என்ற கேள்விக்கு மட்டும் விடை நம் கையில் இருக்கிறது.

இடுக்கியில் ஒருவர் 1,000 கிலோ காய்ந்த மிளகு வைத்திருக்கிறார், விலை கிலோ 600 ரூபாய் என்று கொள்வோம். ஜூன் மாதத்துக்குள் வங்கித் தவணைக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் 2,40,000 ரூபாய் வேண்டும். இன்றே 400 கிலோவை விற்றுவிட்டால் அந்த இரண்டும் சந்தையின் பிடியிலிருந்து விடுபடுகின்றன. மிஞ்சும் 600 கிலோவைப் பற்றி அவர் எவ்வளவு தவறாகக் கணித்தாலும் மகளின் படிப்பு நிற்காது. விலை பற்றி எந்தச் சோதிடமும் சொல்லாமலே முடிவின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

நூற்பா 3: ஒரே கப்பலில் ஏற்றற்க.

உரை: கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி 1738இல் எழுதிய கட்டுரையில் ஒரு வணிகர் வருகிறார். வீட்டில் 4,000 டுக்காட் மதிப்புள்ள பொருள். கடல் கடந்து வரவேண்டியது 8,000 டுக்காட். பத்துக் கப்பலில் ஒன்று மூழ்கும். ஒரே கப்பலில் ஏற்றினாலும் இரண்டில் பிரித்து ஏற்றினாலும் சராசரி வரவு ஒன்றுதான். ஆனால் ஏழையாகிவிட்ட நாளில் ஒரு காசின் அருமை கூடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வரவேண்டிய சரக்கின் மதிப்பு ஒரு கப்பலில் 6,751, இரு கப்பலில் 7,033. ஒரு காசும் செலவழிக்காமல், பிரித்ததாலேயே கிடைத்த மதிப்பு அந்த வேறுபாடு.

மிளகுக்காரர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 600 கிலோவை மூன்று பங்காக்கி மூன்று மாதங்களில் விற்பது நல்லது, ஆனால் அந்த மூன்றும் ஒரே கடலில் போகின்றன; விலை சரிந்தால் எல்லாம் சேர்ந்து சரியும். வயநாட்டுத் தோட்டத்தில் மிளகோடு காப்பியும் பாக்கும் நிற்பதுதான் உண்மையான இரண்டாம் கப்பல்.

நூற்பா 4: காத்திருத்தலையும் கொள்முதலாக எண்ணுக.

உரை: நன்றாகக் காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. அதுவே அதன் பெருமை, அதுவே அதன் ஆபத்து. தக்காளி விற்பவரை அழுகல் முடிவெடுக்க வைக்கிறது. மிளகு விற்பவரை எதுவும் வற்புறுத்துவதில்லை. ஒத்திப்போடுவது முடிவெடுக்காத நிலை என்று அவர் நம்பிவிடுகிறார். 600 ரூபாய் மிளகை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கடனைச் சுமப்பவருக்கு மாதம் கிலோவுக்கு 6 ரூபாய் செலவு. பத்து மாதம் கழித்து 660 ரூபாய் கிடைத்தாலும் அவர் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்.

உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டியது, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பின் வலி பெரிது என்பது. கிலோ 700ஐப் பார்த்த கண்ணுக்கு 600 நஷ்டமாகத் தெரிகிறது. அந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனம் வராமல் மூட்டை கிடங்கிலேயே கிடக்கிறது. இதற்கு மருந்தாக ஒரு கேள்வி உண்டு. கையில் மிளகு இல்லை, அதே பணம் ரொக்கமாக இருக்கிறது. இன்றைய விலைக்கு இத்தனை மூட்டை வாங்குவேனா? மாட்டேன் என்றால், வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை.

நூற்பா 5: நாம் கண்ட விலையைப் பிறரும் கண்டனர் என்று அறிக.

உரை: மிளகுக்கொடி நட்டு மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் பலன் தரும். விலை உயர்ந்த ஆண்டில் நடுபவர் அன்றைய விலைக்கு விற்கப் போவதில்லை. அதே விலையைப் பார்த்து வியட்நாமிலும் பிரேசிலிலும் நட்டவர்களோடு சேர்ந்து விற்கப் போகிறார். 1990களின் தொடக்கத்தில் அதிகம் பேசப்படாத வியட்நாம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உலகில் அதிக மிளகு விளைக்கும் நாடானது.

1935இல் லண்டனில் காராபெட் பிஷிர்கியானும் அவர் கூட்டாளிகளும் வெள்ளை மிளகை மொத்தமாக வளைத்து விலையை ஏற்றப் பார்த்தார்கள். ஏறிய விலையே புதுச் சரக்கை அழைத்து வந்தது; பிப்ரவரியில் அவர்கள் நிறுவனம் சரிந்தது, மறு ஆண்டு நீதிமன்றம் தண்டித்தது.

அரசாணையையும் இப்படியே படிக்க வேண்டும். 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை விதிக்கப்பட்டது. 500க்குக் கீழே இனி இறங்காது என்று நம்பியவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே உள்நாட்டு விலை 400க்கும் கீழே போனது. ஆணை தடுத்தது இறக்குமதியை. உள்ளூர் மிளகை 500க்கு வாங்கியாக வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நூற்பா 6: விளைவைக் கொண்டு மட்டும் முடிவை அளக்கற்க.

உரை: வீட்டை அடகு வைத்து மிளகு வாங்கியவர் ஒருமுறை லாபம் பார்த்தால் ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்கிறது. 400 கிலோவை முன்கூட்டி விற்றவர், பிறகு விலை ஏறினால் ஏமாளி ஆகிறார். இரண்டு தீர்ப்பும் தவறு. அவை அடுத்த முறை எல்லோரையும் தவறான பக்கம் தள்ளுகின்றன. விற்கும் நாளிலேயே மூன்று வரி எழுதி வைக்கலாம்: என்ன தெரிந்திருந்தது, எதை எதிர்பார்த்தேன், எது நடந்தால் மனம் மாறுவேன். ஆறு மாதம் கழித்து நினைவு நமக்குச் சாதகமாகக் கதையை மாற்றிவிடும். எழுத்து மாற்றாது.

நூற்பா 7: தாங்க இயலாதவர் தோளில் ஆபத்தை வைக்கற்க.

உரை: முன்னைய ஆறும் தனிமனிதருக்கு. இது ஊருக்கும் அரசுக்கும். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறி ஒப்பந்தம் என்ற பாப்பிரஸ் ஏடு இன்று வியன்னாவில் இருக்கிறது. சேர நாட்டு முசிறி வணிகத்துக்காக எழுதிய கடன் பத்திரம். அக்காலக் கிரேக்க, உரோமானியக் கடல்கடன் மரபில் கப்பல் மூழ்கினால் கடனும் தீர்ந்தது. அதற்காகவே வட்டி அதிகம். ஆபத்தைத் தாங்கும் செல்வம் உள்ளவர் விலை பெற்றுக்கொண்டு அதை ஏற்றார்.

முன்பேரக் கூடம் செய்ததும் அதுவே. ஏப்ரலில் ஹாம்பர்க்குக்கு அனுப்புவதாக ஜனவரியில் விலை பேசிவிட்ட ஏற்றுமதியாளர், கையில் சரக்கு இல்லாதபோது முன்பேரத்தில் வாங்கி வைக்கிறார். விலை 40 ரூபாய் ஏறினால் ரொக்கச் சந்தையில் 40 கூடுதலாகக் கொடுக்கிறார். முன்பேரத்தில் ஏறக்குறைய அதே 40 திரும்புகிறது. விலை ஆபத்து, அதை விரும்பி ஏற்பவரிடம் போய்விடுகிறது. ஊக வணிகரைப் பழிப்பது எளிது. நேர்மையான கிடங்கும் கண்டிப்பான மேற்பார்வையும் இருந்தால், அந்தச் சுமையை ஏற்பவர் அவர்தான்.

ஆனால் டன் கணக்கில் பேசும் சந்தையில் 200 கிலோக்காரருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகாசவாணியின் மலையாளச் சந்தை நிலவரமான ‘கம்போள நிலவாரத்தில்’ கொச்சி விலையைக் கேட்க முடிந்தது. அந்த விலையைப் பிடித்து வைக்க வழி இல்லை. 2000களின் தொடக்கத்தில் விலை வீழ்ச்சியும் கொடி வாடலும் கடனும் ஒன்றாக வந்தபோது வயநாட்டில் எத்தனையோ விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று சொல்வது அநீதி. யாராலும் தாங்க முடியாத பங்கு அவர்கள் தலையில் இருந்தது.

ஆகவே இந்நூல் கேட்பது திட்டவட்டமானது. சிறு விளைச்சலைச் சேர்த்து, கூட்டுறவுச் சங்கம் விவசாயியின் சார்பில் விலைக் காப்பு எடுக்க வேண்டும். கடன் தவணை அறுவடையையும் விலையையும் அனுசரித்து நீள வேண்டும். மிளகுக்குச் சுத்தமான கிடங்கோடு முன்பேரச் சந்தை வேண்டும். நல்ல முடிவெடுக்கும்படி ஒருவருக்கு அறிவுரை சொல்பவர், தவறினாலும் அவர் பிழைத்திருக்கும் அளவுக்கு முதலில் இடம் செய்து கொடுக்கக் கடமைப்பட்டவர்.