எங்கை போறியள், ரீச்சர்?

யாழ்ப்பாணத்துப் பெண் சைக்கிள் ஓட்டுவதைக் கண்டு மூக்கில் விரல் வைத்த காலம் எப்போதோ மலையேறிவிட்டது. ஆனால் அவள் காரணமில்லாமல் ஓட்டுவதைப் பொறுத்துக்கொள்ளும் காலம் இன்னும் வரவில்லை என்பதை, ஆசிரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே நான் அனுபவபூர்வமாக அறிந்துகொண்டேன். விடியற்காலையில் என் லுமாலா சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தபோது, படலையடி கூட்டிக்கொண்டிருந்த அயல்வீட்டு மாமி விளக்குமாற்றை நிறுத்தி, "எங்கை ரீச்சர், வெள்ளெனவே?" என்றார். "சும்மா" என்றேன். அந்த ஒரு சொல்லின் விளைவாக, அன்று பொழுது படுவதற்குள் மூன்று பேர் தனித்தனியே வந்து, மருமகளோடு ஏதும் மனஸ்தாபமோ என்று நயமாக விசாரித்துவிட்டுத் தேநீரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் காணக்கிடைக்காத வஸ்துவானபோது, குடாநாடு முழுவதுமே சைக்கிளில் ஏறியது. பள்ளிக்கூடத்துக்கும் சங்கக்கடைக்கும் விறகுக்கும் வைத்தியத்துக்கும் நாங்கள் உழக்கினோமே தவிர, சந்தோஷத்துக்கென்று ஒரு முழத் தூரம் உழக்கியவர்கள் அல்லோம். மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்நாளில், வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுப்போம். கை சற்றுத் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்து, முக்கியமான இடத்தில் அவர் மூர்ச்சையாகிவிடுவார். ஓர் அங்குலமும் நகராமல் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் எங்கே போகிறாய் என்று எவரும் கேட்டதில்லை. அதில் பிரயோஜனம் இருந்தது அல்லவா?

ஆகவே நான் ஓர் உபாயம் செய்தேன். ஹாண்டிலில் ஒரு வெறும் பையைக் கொழுவிக்கொண்டேன். அந்தப் பையின் மகிமையை என்னவென்பது! அதைக் கண்டமாத்திரத்தில் ஊரார் முகங்களெல்லாம் தெளிந்து, "திருநெல்வேலிச் சந்தைக்கோ?" என்று தாமே விடையையும் சேர்த்துக் கேட்டுவிடுவார்கள். ஒரு முறை மாத்திரம், பண்ணைக் கடற்கரைப் பக்கம் திரும்புகையில், "சந்தை அங்காலையெல்லோ?" என்று ஒருவர் மறித்துவிட, யோசியாமல் "கரையிலை மீன் வாங்க" என்று சொல்லிவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. மருமகளோடு மனஸ்தாபம் என்ற அபகீர்த்தியே மேலென்று அப்போதுதான் தோன்றியது.

ஆராய்ந்து பார்த்தால் பை இல்லாமல் சைக்கிள் ஏறியவள் அருமை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியபோது, அறிவொளி இயக்கம் அவர்களுக்குப் பையாயிருந்தது. அமெரிக்க மதுவிலக்குத் தலைவி பிரான்சிஸ் வில்லார்ட் அம்மையாரோ, 53ஆம் வயதில் பழகியதுமன்றி, வண்டிக்குக் கிளாடிஸ் என்று நாமகரணமும் செய்து, 1895இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகந்தான் அவருடைய பை என்பது என் அபிப்பிராயம்.

கீரிமலை என்ற பெயரிலன்றி வேறெங்கும் மலையில்லாத எங்கள் ஊரில், காற்றுத்தான் ஏற்றம். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணை வீதியில் வேலணைப் பக்கமாகப் போனால், எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். சேலைத் தலைப்பு ஊருக்கே திரும்பிவிடப் பார்க்கும். முழங்கால்கள், தாங்கள் ஓய்வூதியக்காரியின் உடைமை என்பதை ஞாபகப்படுத்தும். ஆனால் திரும்பி வருகையில், அதே காற்று முதுகைத் தாங்க, இருபுறமும் கடல் நீர் மினுங்க, உழக்காமலே சில்லு ஓடுகிற அந்தச் சில நிமிஷங்களில், இத்தனை வருஷம் நான் வேலைக்காரனாக மட்டுமே நடத்திவந்த வண்டி, எனக்குச் சிநேகிதமாகிவிடும்.

சென்ற வாரம் அங்கே எதிர்க்காற்றில் தலை குனிந்து உழக்கிக்கொண்டிருந்தபோது, என் வயதையொத்த ஓர் அம்மா பின்னாலிருந்து வந்து என்னை முந்தினார். அவருடைய ஹாண்டிலிலும் ஒரு வெறும் பை காற்றில் படபடத்தது. வேகத்தைக் குறைத்து, என் பையைப் பார்த்தார். நானும் அவருடையதைப் பார்த்தேன்.

"சந்தைக்கோ?" என்றார்.

"ஓம், சந்தைக்குத்தான்" என்றேன்.

இருவருமாகச் சேர்ந்து உழக்கினோம். சந்தை எங்கள் முதுகுப்புறத்தில் இருந்தது.