41 விநாடி யானை

"பருப்புக்கு மூணு விசில். அப்புறம் அடுப்பை அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். மூன்று விசில், மூன்று நிமிட ஆட்டம். பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது. செல்போனைத் திறந்தேன். அவள் இறங்கி வந்தபோது குக்கர் எட்டாவது விசிலை அடித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு ஆட்டம் தோற்று, மூன்றாவதில் ஒரு யானை குறைவாக நின்றுகொண்டிருந்தேன்.

"ஜெயிச்சாவது தொலைச்சீங்களா?"

அடிப்பிடித்த பருப்பின் வாசனைக்கு நடுவே இப்படிப்பட்ட கேள்விக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது முப்பது வருஷ இல்லறத்தில் கற்றது.

இந்த வியாதி என்னைத் தொற்றிய மாதம்கூட எனக்குத் தெரியும். 2022 ஜூலை. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் வருகிறதென்று நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசியிருந்தார்கள். ஊரெங்கும் வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கைகூப்பி நின்றது. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது, பள்ளிக்கூட வயதில் தாத்தாவை நான் தோற்கடித்த ஒரே ஒரு ஆட்டம் நினைவுக்கு வந்தது. தாத்தாவுக்கு அப்போது கண்புரை என்பது ஏனோ நினைவுக்கு வரவில்லை. (அவர் ராணியை மந்திரி என்றுதான் சொல்வார். அவர் சொன்னதுதான் பழைய கணக்கு. அந்தக் காய் ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் பெண்ணானது.)

அன்றிரவே செயலியை இறக்கினேன். சேர்ந்தவுடன் 1500 ரேட்டிங் கொடுத்து வரவேற்றார்கள். என்னை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் அதே 1500தான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு வாரத்தில் 1140க்கு வந்து சேர்ந்தேன். இப்படி எண்ணால் ஆட்டக்காரனை எடை போடுகிற வழக்கத்துக்குப் பெயர் கொடுத்தவர் அர்பாத் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். பொருள் கீழே விழுகிற வேகத்தைப் பற்றி அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

ஆளுக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் அது பிளிட்ஸ் என்பது சர்வதேச செஸ் சம்மேளனத்தின் கணக்கு. நான் ஆடுவது மூன்று நிமிடம். ராணியும் இரண்டு யானையும் கூடுதலாக வைத்திருந்தாலும் நேரம் தீர்ந்தால் தோல்விதான். அதற்கு 'ஃபிளாக் விழுந்தது' என்று பெயர். பழைய செஸ் கடிகாரத்தில் முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடிக்கும், தாண்டியதும் கொடி விழும். செல்போனில் கொடி இல்லை. விழுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

என் ஆட்டப் பாணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தியில் ஒருவர் மோர் சாதத்துக்கு வருவதற்குள்ளேயே அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் ராணி அந்த ரகம். இரண்டாவது நகர்த்தலிலேயே கிளம்பி எதிராளியின் ராஜா எப்போது எழுந்திருப்பார் என்று காத்துக்கொண்டு நிற்கும். குதிரைகள் லாயத்தில், யானைகள் மூலையில், எல்லாம் அதனதன் இடத்தில் தூங்கும். நாலு நகர்த்தலில் மேட் என்பது திட்டம். என்னைவிடப் புதியவர் அகப்பட்டால் பலிக்கும். மற்றவர்கள் குதிரையை வெளியே எடுத்து ராணியை விரட்டுவார்கள். ராணி ஓடும். பிஷப்பை எடுத்து விரட்டுவார்கள். மறுபடி ஓடும். இப்படி அவர்கள் வீட்டுக் காய்களையெல்லாம் தட்டி எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, என் ராணி மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து சேரும்போது அங்கே யாரும் பல்கூடத் துலக்கியிருக்க மாட்டார்கள்.

'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். சொன்னவர் மூன்று நிமிடக் கடிகாரத்தைப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் கட்சி.

தோற்பதற்கு நான் வைத்திருந்த காரணம் வயது. சிக்கல் என்னவென்றால், நான் பிறந்தது 1969. விஸ்வநாதன் ஆனந்த் பிறந்ததும் 1969. அவர் 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை ஜெயித்தபோது வயது 48. போதாததற்கு அதே ஊரில் பிளிட்ஸில் வெண்கலமும் வாங்கினார். சென்னை தால் செஸ் கிளப்பில் சிறுவயதில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தவர். அங்கே தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்துகொண்டே இருக்கலாம். என் செயலியிலும் அந்த விதி இருந்திருந்தால் எங்கள் வீட்டில் எத்தனை குக்கர் தப்பித்திருக்கும்!

போன மே மாதம் அக்காவின் பேத்தி லீவுக்கு வந்தாள். பதினோரு வயது. சனி, ஞாயிறு செஸ் கிளாஸ். வந்த அன்றே சோபாவில் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா, உங்க கேம் காட்டுங்க."

"ஒண்ணு சூப்பரா ஜெயிச்சிருக்கேன், இரு."

"அது வேணாம். தோத்தது காட்டுங்க."

அதில் தேர்ந்தெடுப்பதற்கு நிறையவே இருந்தது. முந்தின நாள் ராத்திரி தோற்ற ஒன்றைத் திறந்து, திரையில் எங்கோ ஓர் இடத்தைத் தொட்டாள். கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பங்கள் முளைத்தன. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை விநாடி செலவானது என்பதன் கணக்காம். இத்தனை வருஷமாக என் கையில் இருந்த போனில் இப்படி ஒரு துப்பறிவாளன் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது. குட்டையான கம்பங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் எல்.ஐ.சி. கட்டடம் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"பன்னெண்டாவது மூவுக்கு 41 செகண்டா? என்ன தாத்தா யோசிச்சீங்க?"

நன்றாக நினைவிருந்தது. டி1 கட்டத்துக்கு ஒரு யானையைக் கொண்டுவர வேண்டும். இந்தப் பக்கத்து யானையா, அந்தப் பக்கத்து யானையா? இதைக் கொண்டுவந்தால் அது கோபித்துக்கொள்ளுமோ என்கிற அளவுக்கு யோசித்தேன்.

"ரெண்டுல எதைக் கொண்டுவந்தாலும் ஒண்ணுதான்" என்றாள். விரலை நகர்த்தினாள். "பத்தொம்பதாவது மூவ், 0.8 செகண்டு. அவங்க குதிரை உங்க ராணியை வெட்டப் போகுது. நீங்க ஒரு சிப்பாயைத் தள்ளியிருக்கீங்க. இங்க ஏன் யோசிக்கலை?"

"நேரம் இல்லையேம்மா."

"ஏன் இல்லை?"

விரல் பின்னோக்கி வந்து எல்.ஐ.சி. கட்டடத்தின் மேல் நின்றது.

கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் நின்று பேரம் பேசிவிட்டு, வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் மனைக்கு முன்பணம் கொடுக்கிறவர்களை நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன்.

அன்றிரவு யாருக்கும் தெரியாமல் இன்னும் பத்து ஆட்டங்களின் கம்பங்களைப் பார்த்தேன். பத்திலும் ஒரே கதை. ஆட்டம் சுகமாகப் போகிற இடத்தில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். ஆபத்து வந்த இடத்தில் கை தானாக எதையோ தள்ளியிருக்கிறது. நல்ல நிலைமையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதே ஓர் ஆனந்தம். கெட்டதைப் பார்க்க பயம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடுகிறேனே, அதே ஆள்தான் இங்கேயும் உட்கார்ந்து ஆடியிருக்கிறான். நான் மெதுவாக ஆடுகிறவன் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். மெதுவும் வேகமும் என்னிடம் தாராளமாகவே இருக்கின்றன. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான்.

காலையில் மானத்தை மீட்க ஓர் ஆயுதத்தோடு வந்தேன். "கிராம்னிக் தெரியுமா? 2006இல் ஜெர்மனியில பான் நகரத்துல, உலக சாம்பியனா இருக்கும்போதே, டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டர் ஒரே மூவ்ல வைக்கப்போற மேட்டைப் பார்க்காம விட்டுட்டார். அது மூணு நிமிஷ ஆட்டம்கூட இல்லை."

"தெரியும் தாத்தா. எங்க சார் காட்டியிருக்காரு. அவருக்கு அது ஒரு தடவை."

மீதியை அவள் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

அடுத்து என் 'பிரீமூவ்' பழக்கம் பிடிபட்டது. எதிராளி ஆடுவதற்கு முன்பே நம் நகர்த்தலைச் சொல்லி வைத்துவிடலாம், அவர் ஆடிய நொடியில் அது தானாக நடந்துவிடும், நேரமே செலவாகாது. எனக்கென்றே கண்டுபிடித்த வசதி என்று மகிழ்ந்திருந்தேன். கறுப்பில் ஆடும்போது முதல் நகர்த்தலாக ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவேன். அடுத்து பிஷப்பை ஜி7இல் வைப்பதாக முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு வாய் காபி குடிப்பேன். எப்படியும் அதைத்தானே ஆடப்போகிறோம்? ஓர் ஆட்டத்தில் வெள்ளைக்காரர் (காயைச் சொல்கிறேன்) தன் பிஷப்பை நேராகக் கொண்டுவந்து எச்6இல் வைத்தார். சும்மா வைத்தார். என் பிஷப் அதை இலவசமாக வெட்டியிருக்கலாம். ஆனால் அது ஏற்கனவே என்னிடம் உத்தரவு வாங்கிவிட்ட பிஷப் ஆயிற்றே. பக்கத்தில் வந்து நின்ற விருந்தாளியைத் திரும்பியும் பார்க்காமல், சொன்ன இடத்தில் போய் நின்றது. அவர் அதை வெட்டினார். வெட்டிய இடத்திலிருந்து மூலையில் இருந்த என் யானையையும் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒரு பிஷப்பும் யானையும் போயிருந்தன.

"அவங்க உங்க கடிகாரத்தைப் பார்த்திருக்காங்க. பிரீமூவ் போடுற ஆளுன்னு தெரிஞ்சதும் வச்சுட்டாங்க" என்றாள். எங்கோ முகம் தெரியாத ஒருவருக்கு என் அவசரம் அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது என்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வைத்தியம் என்று அவள் சொன்னவை சில்லறை விஷயங்கள். மூலையில் ஒடுங்கிய ராஜாவுக்குக் குதிரை தாவும் தூரத்தில் ராணியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், ஸ்டேல்மேட் ஆகி ஆட்டம் டிரா ஆகிவிடும் என்றாள். ராஜா ஏ8இல், என் ராணி பி6இல்: இந்தக் காட்சியை நான் எத்தனை முறை உண்டாக்கியிருக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. தினம் பத்து பஸில் போடுங்கள், அதையும் ஓடிக்கொண்டே போடாதீர்கள் என்றாள். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் போனைக் கீழே வைத்துவிட வேண்டும் என்றபோது அடுப்படியிலிருந்து "அப்படிச் சொல்லு கண்ணு" என்று குரல் வந்தது. இந்த விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. டிரா ஆனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதனால் இப்போது சில சமயம் என் ஸ்டேல்மேட்டுகளுக்கு ஒரு நோக்கமும் உண்டு.

வெறும் மூன்று நிமிடத்தை விட்டுவிட்டு, மூன்று நிமிடத்தோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு விநாடி கூட்டித் தருகிற ஆட்டத்துக்கு மாறச் சொன்னாள். அறுபது நகர்த்தல் ஆடினால் இரண்டு நிமிடம் லாபம். மாசக் கடைசியில் கிடைக்கிற கைமாற்று மாதிரி. இந்த ஏற்பாட்டுக்கு 1980களின் கடைசியில் காப்புரிமை வாங்கியவர் பாபி ஃபிஷர். அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. 1970இல் யுகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவியில் நடந்த பிளிட்ஸ் போட்டியில் 22 ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்தார். இரண்டாவதாக வந்த தாலுக்கு 14.5. சென்னை கிளப்புக்குப் பெயர் தந்த அதே தால். ஃபிஷர் முடிந்த கையோடு அத்தனை ஆட்டத்தையும் மனப்பாடமாகச் சொன்னார் என்பார்கள். எனக்கு முந்தின ஆட்டத்தில் நான் வெள்ளையா கறுப்பா என்பதே சந்தேகம்.

எல்லாவற்றையும்விட, எதிராளி ஒரு காயை வைத்ததும் 'ஏன் இங்க வச்சாங்க?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளச் சொன்னாளே, அதுதான் பலித்தது. ஆட்டத்துக்கு வெளியேயும் பலிக்கிறது. ஒரு நாள் கேட்காமலே மனைவி காபி கொண்டுவந்து எதிரே வைத்தாள். ஏன் இங்கே வைத்தாள் என்று யோசித்தபடி டம்ளரைத் தூக்கினேன். அடியில் கரண்ட் பில்.

இரண்டு மாதத்தில் 1260 வரை ஏறினேன், பிறகு ஒரு நள்ளிரவில் விதியை மீறி 1215க்கு இறங்கினேன். பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். கண்காணிக்க ஆளில்லாத தைரியத்தில், போன வாரம் வெள்ளைக் காயோடு உட்கார்ந்தபோது எதிராளி ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அரை விநாடிகூட ஆகவில்லை. நம்மாள் என்று தெரிந்துவிட்டது. என் பிஷப்பைச் சும்மா கொண்டுபோய் எச்6இல் வைத்துவிட்டு, காபியை எடுத்தேன்.

அவர் காய் நகரவில்லை. ஒரு விநாடி, இரண்டு, ஐந்து. கடிகாரம் ஓடுகிறது, அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பதினோராவது விநாடியில் என் பிஷப்பை வெட்டினார்.

அவர் வீட்டுக்கும் லீவுக்கு யாரோ வந்திருக்கிறார்கள்.