விதைக்கு விட்டிருக்கிறேன்

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டுப் பக்கத்து நிலங்களில் விளைகிற அந்தக் காய் எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியிலேயே வந்துவிடுகிறது. ஆகவே வேலூரில் குடியிருக்கும் ஒருவன் மொட்டை மாடியில் கத்தரிச் செடி வளர்ப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. நான் வளர்க்கிறேன்.

செலவுக் கணக்கைக் கேட்காதீர்கள். வளர்ப்புப் பை, தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு என்று வாங்கியதையெல்லாம் என் மனைவி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். கூட்டிப் போடவில்லை. ஒரு நல்ல சண்டைக்காகச் சேமித்து வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

நாற்று மட்டும் இலவசம். மாமியார் ஊரில் பாத்தி கட்டி வளர்த்து, ஒரு மாதத்து நாற்றாகப் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். “ஆடியிலேயே வச்சுடுங்க மாப்ள” என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எனக்கும் தெரியும். பையைத் தேடி, மண்ணைத் தேடி, யூடியூபில் மண் கலக்கும் விகிதத்தைத் தேடி முடித்தபோது ஆவணி பிறந்திருந்தது. ஒரு காணொளிக்காரர் சொன்ன விகிதத்தை அடுத்தவர் பாவம் என்கிறார். மாமியாரிடம் விகிதம் கேட்டதற்கு, “மண்ணுல வைங்க” என்றார்.

முள்ளுக் கத்தரி என்றால் பெயருக்கு முள் அல்ல. தண்டில் முள், இலையில் முள், காயின் தலையில் தொப்பி போலிருக்கும் புல்லியிலும் முள். அலுவலகத்தில் கைவிரல் பிளாஸ்திரியைப் பார்த்து யாராவது விசாரித்தால், “தோட்ட வேலை” என்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் கனத்துவிடும்.

பூ விட்டதும் என் உத்தியோகம் உயர்ந்தது. கத்தரிப்பூ தலைகீழாகத் தொங்கும். மகரந்தம் அதன் மஞ்சள் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும். நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். சில வகைத் தேனீக்கள் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு அதை உதிர்க்கும். இரண்டு மாடி ஏறி வரத் தேனீக்களுக்கு என்ன தலையெழுத்து? அதனால் காலையில் நானே ஒவ்வொரு பூவின் காம்பையும் விரலால் சுண்டிவிட ஆரம்பித்தேன். காற்று அசைத்தாலே பெரும்பாலும் காய்த்துவிடும் என்று படித்தது பிறகுதான். எதிர் மாடியில் துணி உலர்த்தும் அம்மாள் என் மனைவியிடம், “அண்ணன் காலையில செடிங்களை ஒண்ணொண்ணா தட்டிக் கொடுக்கிறாரே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று அக்கறையாகக் கேட்டாராம். “ரிட்டயர்டு ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு” என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு ஆதரவான பதிலா என்று இன்னும் புரியவில்லை.

அப்புறம் புழு வந்தது. தளதளவென்று நின்ற குருத்துகள் ஒரு காலையில் தலை தொங்கி நின்றன. தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வாளி ஊற்றினேன். உள்ளே தண்டைக் குடைந்தபடி காய்த்துளைப்பான் உட்கார்ந்திருந்தது. இது சாதாரணப் புழு இல்லை. இதற்காகத்தான் மரபணுவை மாற்றி பி.டி. கத்தரி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதை அனுமதிக்கலாமா என்று ஏழு நகரங்களில் கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். பிறகு வங்கதேசத்தில் பயிரிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தேசத்தையே இரண்டாகப் பிரித்து வாதாட வைத்த புழு நம் வீட்டு மாடிக்கும் வந்திருக்கிறது என்று நான் சொன்னதில் கொஞ்சம் பெருமை கலந்துவிட்டது போலிருக்கிறது. “காபி கலந்து கொடுக்கட்டுமா அதுக்கு?” என்றாள் மனைவி.

வாடிய குருத்தைக் கொஞ்சம் கீழே சேர்த்துக் கிள்ளி அழித்துவிட வேண்டும். அதுதான் முதல் வைத்தியம். புழு உள்ளே போய்விட்டால் மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் அதன் கூரையை மெழுகிவிடும், அவ்வளவுதான். இனக்கவர்ச்சிப் பொறியும் ஒன்று வாங்கி மாட்டினேன். பெண் அந்துப்பூச்சியின் வாசனையை வைத்து ஆண் பூச்சிகளைப் பிடிக்கிற ஏற்பாடு. ஆண்கள் மட்டும்தான் விழும் என்று விளக்கியபோது அவள் ஆச்சரியமே படவில்லை.

இவ்வளவும் தாண்டிக் காய் பிடித்தது. என் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது. எனக்குப் பறிக்க வரவில்லை.

எப்படிப் பறிப்பது என்பதில் குழப்பமே இல்லை. தோல் பளபளவென்று இருக்கும்போது பறிக்க வேண்டும். கட்டைவிரலால் மெல்ல அமுக்கினால் பள்ளம் விழுந்து உடனே மேலே வர வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது, கிளை கிழிந்துவிடும். காம்போடு சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். இதையெல்லாம் நான் மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கத்தரிக்கோலோடு மாடிக்குப் போனால் ஊதா நிறத்தில் அது பாட்டுக்குத் தொங்குகிறது, காலை வெயில் அதன் மேல் விழுகிறது, நான் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுகிறேன். நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து பையன் வருகிறான், அவன் செடியிலேயே பார்க்கட்டும். அவன் வந்தான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் “சூப்பர்ப்பா” என்றான். அப்படியானால் மைத்துனர் வந்து பார்க்கட்டும்.

கத்தரிக்காய் மைத்துனருக்காகக் காத்திருப்பதில்லை. பளபளப்பு போய்த் தோல் மங்கிற்று. அமுக்கினால் விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. பிறகு அடிப்பக்கம் பழுப்பாகி மஞ்சள் ஏறியது. ஒருவழியாகப் பறித்து அரிவாள்மனையில் வைத்தபோது உள்ளே முழுக்க விதை. எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து போட்டாள். கசந்தது. “வீட்டுக் காய் ருசியே தனி” என்று சொல்லிக்கொண்டு நான் சாப்பிட்டேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் இரண்டாவது முறை போட்டுக்கொள்ளவும் இல்லை.

முற்றிய காயை விட்டுவைத்தால் செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும் என்பது இதிலே இன்னொரு சங்கடம். என் பாசத்தால் செடி வேலைநிறுத்தம் செய்கிற நிலை. தகவல் அணைக்கட்டு வரைக்கும் போய், மாமியாரே பஸ் ஏறி வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார். நன்றாகத் திரண்ட ஒரு காயைத் தேர்ந்தெடுத்துப் புடவைக் கிழிசலில் ஒரு துண்டைக் காம்பில் கட்டினார். “இது விதைக்கு. பழுத்து மஞ்சளாவுற வரைக்கும் கை வைக்காதீங்க. அப்புறம் தண்ணியில கரைச்சு, அடியில நிக்கிற விதையை எடுத்துச் சாம்பல்ல கலந்து காய வைங்க. மத்ததை இன்னைக்கே பறிச்சுடுங்க மாப்ள” என்றார்.

முதல் பாதி எனக்குத் தெளிவாகக் கேட்டது. பறிக்காமல் இருப்பதற்கு வேளாண்மையில் முறைப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று இத்தனை நாளும் யாருமே சொல்லவில்லையே!

அடுத்த வாரம் மனைவி மாடிக்கு வந்தாள். செடி எட்டு. துணி கட்டிய காய் பதினொன்று. என் பழைய வேட்டியின் கரையை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஒரு காயில எத்தனை விதைங்க இருக்கும்?”

“நூற்றுக்கணக்கில்.”

“அப்ப அணைக்கட்டுத் தாலுகாவுக்கே நாத்து விடப்போறீங்களா?”

நான் காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளும் ஊதாவுமாக நன்றாகத்தான் இருந்தன.

“கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்பாங்க. நம்ம வீட்டுல அது முத்தினா நாமதான் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருக்கு” என்று சொல்லிப் பையைக் கையில் கொடுத்தாள். மதியம் சாம்பாருக்குக் காய் இல்லை.

நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரி குவிந்து கிடந்தது. எல்லாம் பளபளவென்று, பருவம் தவறாமல் பறித்தவை. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். பள்ளம் விழுந்து மேலே வந்தது. இன்னொன்றை எடுத்தேன்.

“சார், காயை அமுக்காதீங்க” என்றார் கடைக்காரர். “அமுக்கணும்னா வீட்டுல ஒரு செடி வச்சுக்கோங்க.”