ரகசிய அண்ணன்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒட்டுக்கடைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பசியாற வந்தாரா, பாடம் நடத்த வந்தாரா என்று சொல்ல முடியாது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தம்பி, நீ இன்னும் குரோம்தானா?" என்பார். 'குடியை இன்னும் விடலையா?' என்று மாமனார் கேட்கிற தொனி.

அண்ணனுக்கு ஞானம் பிறந்தது 2017-இல். மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி வந்த ஆண்டு அது. "நாட்டு ஜனத்தொகையை விட அதிகம் தம்பி! அதுல என்னுது ரெண்டு நம்பர்." அன்றிலிருந்து உலாவி மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

முதலில் ஃபயர்பாக்ஸ். மூடும்போதெல்லாம் குக்கிகளைத் துடைத்துவிடும்படி அமைத்தார். அது அவரையும் சேர்த்து மறந்தது. தினமும் எல்லாக் கடவுச்சொல்லையும் புதிதாக அடிக்க வேண்டும். அவை சட்டைப்பையில், மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. வாரம் ஒருமுறை கடைக்காரர் கூப்பிடுவார்: "அண்ணே, பாஸ்வர்ட் புத்தகத்தை விட்டுட்டுப் போறீங்க!"

அடுத்தது டோர். மூன்று இடைக்கணினிகளைச் சுற்றி வருவதால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதாம். அவருடைய வங்கியாலும் முடியவில்லை. ஜெர்மனியிலிருந்து யாரோ நுழைகிறார் என்று கணக்கை முடக்கிவிட்டது.

பிறகு பிரேவ். விளம்பரம் குறைந்தது உண்மைதான். அதில் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் பையன் ஒருவன், பிரேவ், எட்ஜ், விவால்டி எல்லாமே கூகுள் தொடங்கிய குரோமியத்தின் மேல் கட்டியவை என்று போட்டுடைத்தான். தே கலக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கடை மாறினாலும் டின் பால் ஒண்ணுதானேண்ணே."

இப்போது உலா. சென்னையின் ஸோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. அதுவும் குரோமியம்தான்; ஆனால் பேர் தமிழ் என்பதால் மன்னித்துவிட்டார். "வேவு பார்க்கிறவனை எல்லாம் தடுத்துடும். யாரு கண்ணுலயும் படமாட்டேன்." தைப்பூசத்துக்கு வெள்ளிரதம் ஊரே பார்க்க உலா போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார்.

ஒருநாள் கடையில் மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தார். வங்கியிலிருந்து ரகசிய எண் வந்தது. மூக்குக்கண்ணாடி வீட்டில். "தம்பி, சத்தமா படி, காது கொஞ்சம் மந்தம்." ஆறு எண்களையும் படித்தேன். நான்கு மேசைக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து அதிர்ஷ்டக் குலுக்கல் பாரத்தோடு ஒரு பெண் வந்தாள். முதல் பரிசு ரைஸ் குக்கர். அண்ணன் ஐசி எண்ணைப் பன்னிரண்டு இலக்கமும் மனப்பாடமாக எழுதினார். முதல் ஆறில் பிறந்தநாள், அடுத்த 07-இல் பிறந்த பினாங்கு, கடைசி ஒற்றைப்படையில் ஆண் என்பது. கீழே கைப்பேசி எண்: இரண்டும்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"ரைஸ் குக்கர் தம்பி. சும்மா குடுப்பானா?"

மேசைக்குத் தே வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. குராங் மானிஸ், ஆற்றியது, கிளாஸில்.

"பார்த்தியா?" என்றார் அண்ணன், முகமெல்லாம் பெருமை. "வாயே திறக்க வேணாம். நான் எப்ப வருவேன், என்ன குடிப்பேன், அத்தனையும் இவனுக்கு அத்துப்படி. வேற கடைக்குப் போவேனா நான்?"

கைப்பேசி மறுபடியும் கவிழ்ந்தே கிடந்தது.